குழாயைத் திறந்துவிடுகிறவர்

கிட்ட வந்து உட்காருங்க மக்கா, சந்தேகப்பட்ட ஒருத்தியின் கதை சொல்கிறேன். சங்கரலிங்கம் கொஞ்ச நாளாக அடிக்கடி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரமாட்டார். படுக்கையையும் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். எவளோடோ போனில் பேசுகிறார், பேச்சு கேட்கக்கூடாதென்றுதான் தண்ணீரை ஓடவிடுகிறார் என்று அவர் மனைவி வடிவுக்குத் தோன்றிவிட்டது.

"இந்த வயசுல உங்களுக்கு எவ கிடைச்சா?" என்று கேட்டும் பார்த்தாள்.

"கிடைச்சா உங்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்" என்று மழுப்பினார்.

ஒரு மத்தியானம் தொட்டி வற்றிக் குழாய் நின்றுபோனது. வடிவு ஓடிப்போய்க் கதவில் காதை வைத்தாள். பேச்சில்லை, முனகல்தான் கேட்டது. பிறகு, கைப்பிள்ளையை ஒன்றுக்குப் போகவைக்கும் தாய் மாதிரி, "உஸ்ஸ்... உஸ்ஸ்..." என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என்ன செய்யுது?"

உள்ளே சத்தம் நின்றது. "ஒண்ணுக்கு வரமாட்டேங்கு வடிவு. ராத்திரியும் அடிக்கடி எந்திரிக்கேன், உன் தூக்கம் கெடும்னுதான் கூடத்துல படுத்தேன். புரோஸ்டேட் வீங்கியிருக்காம். டாக்டர் மாத்திரை குடுத்தாரு. அது ஆம்பள ஹார்மோனைக் கொறைச்சிரும்னு ஒருத்தன் சொன்னான். அதான் போடல."

"யாருக்காக அதைக் கட்டிக் காக்கீங்க?"

"உனக்காகத்தான்."

வடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "சாயங்காலம் நானும் டாக்டர்ட்ட வாரேன்" என்றாள். அப்புறம் கதவில் நெற்றியைச் சாய்த்து, மூன்று பிள்ளைகளுக்குச் சொன்ன அதே குரலில், "உஸ்ஸ்..." என்று சொல்லத் தொடங்கினாள்.

உங்க வீட்டில் எல்லாரும் வலியை வாய்விட்டுச் சொல்லி, நல்லா இருங்க மக்கா.