வேண்டாமென்று விட்ட நாள்

தீம் பார்க்குக்குக் கிளம்பும் முன்பே கைபேசியிலிருந்த திட்டச் செயலி அந்த நாளை நூறு விதமாக ஓட்டிப் பார்த்து, காத்திருப்போ அழுகையோ இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதன்படி ராட்டினமும் ஐஸ்கிரீமும் பிசகாமல் முடிந்தன. குமரவேல் ஒரு கையில் மகளையும் மறு கையில் கைபேசியையும் பிடித்துக்கொண்டு நடந்தான்.

“அப்பா, அந்த ஆப் வேண்டாம்னு விட்ட நாளையெல்லாம் நேத்து படமா போட்டுப் பார்த்தேன்,” என்றாள் தாரகை. “ஒண்ணுல நான் தொலைஞ்சு போயிடுறேன்.”

“அதனாலதான் அதை எடுக்கல, கண்ணு.”

“அதுல நீங்க செருப்புகூட இல்லாம ஓடி வர்றீங்க. என்னைத் தூக்கி வெச்சுக்கிட்டு அழறீங்க. அப்புறம் வீடு வர்ற வரைக்கும் கீழ இறக்கியே விடல.”

“சரி, வா. தண்ணிச் சறுக்குக்கு நேரமாச்சு,” என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

கூட்டம் நெருக்கிய இடத்தில், தாரகை அவன் பிடியிலிருந்து தன் விரல்களை மெல்ல உருவிக்கொண்டாள்.