சுவரில் நிற்பவர்கள்

லண்டனில், படுக்கையில் கிடந்த கணவரைக் கோமளேஸ்வரி தனியாளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு வெள்ளைக்காரி ஹெலன் பராமரிப்புத் துறையிடம் உதவி கேட்ட மறுநாளே அவள் வீட்டுக்குத் தாதி வந்தாள். இவளும் கேட்டாள்.

யாருக்கு உதவி தேவை என்று தீர்மானிக்கத் துறை இவள் வீட்டு வரவேற்பறையில் பொருத்தியிருந்த செயற்கை நுண்ணறிவுக் கமரா சுற்றிப் பார்த்துவிட்டு, அவளுடைய ஊர்த் தமிழிலேயே பேசியது.

"உங்கட ஆக்கள் குடும்பமாத்தானே பார்ப்பினம். இங்க ஆறு பேர் நிக்கினம். உதவி தேவையில்லை."

"ஐயோ, அது செத்துப்போன ஆக்களின்ர படங்கள்! மாலை போட்டிருக்கிறது தெரியேல்லையோ?"

கமராவின் விளக்கு அணைந்தது.

பங்குனியில் கோமளேஸ்வரி குசினி அடுப்படியில் சுருண்டு விழுந்து இறந்துபோனாள். இறுதிச் சடங்குக்கு வந்த மகள் மதுராங்கி அம்மாவின் படத்தையும் சுவரில் மாட்டி மாலை போட்டாள். பிறகு அப்பாவுக்குத் தாதி கேட்டாள்.

கமரா மெல்லத் திரும்பியது.

"இப்ப ஏழு பேர். அம்மாவின்ர முகத்தில களைப்பே இல்லை."