ஒரு சுற்றுகூடக் கூடாது

"உன் ஃபைல்ல முதல் பக்கத்தை இப்பத்தான்யா பார்க்கறேன். ராட்டினத்தோட பதிவுக் கெடு நேத்தே முடிஞ்சுபோச்சு. இந்த நிமிஷமே நிறுத்து!" என்று போனில் கத்தினார் பாதுகாப்பு அதிகாரி.

ராட்டினக்காரர் பதறிப்போய் சுவிட்சை அணைத்தார்.

"நிறுத்திட்டேன் சார். புதுப்பிச்சுக் குடுங்கன்னு நாலு மாசமா நடையா நடக்கறேனே!"

"ஃபைல் என் பையிலதான் இருக்கு. முழுசா படிச்சுக் கையெழுத்துப் போட எனக்கு நேரம் வேணாமா?"

"நாளைக்கு லீவு நாள் சார், கூட்டம் வரும். எட்டுப் பேரோட பொழப்பு. கொஞ்சம் மனசு வைங்க."

"சட்டம்னா சட்டம். பதிவு இல்லாம ஒரு சுத்துகூடச் சுத்தக்கூடாது. மீறினா ஜெயில்தான்."

படியாத பேரத்தில் வாயை மூடிக்கொள்வதே லாபம் என்பது ராட்டினக்காரருக்குத் தெரியும். "உத்தரவு சார்" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து டீ வரவழைத்தார்.

பாதி டீயில் மறுபடியும் போன் அடித்தது. இந்த முறை அதிகாரியின் குரலில் தேன் ஒழுகியது.

"அண்ணே, சோதனை பண்ணறேன்னு ஏறி உட்கார்ந்ததே தப்பு. உச்சியில காத்து ஆளையே தூக்குது. அரைச் சுத்து சுத்தி இறக்கி விடுங்கண்ணே!"

ராட்டினக்காரர் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்.

"ஜெயிலுக்குப் போக எனக்குத் தெம்பில்ல சார். பையும் உங்க மடியிலதான் இருக்கு, நேரமும் இப்பக் கிடைச்சிருக்கு. நிதானமா படிச்சுக் கையெழுத்துப் போடுங்க."