மூன்றாவது சரிபார்ப்பு

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பயன்படாத பழைய டிஸ்க் குரூப்பை, அதாவது பதிவுகளைச் சேமிக்கும் டிஸ்க்குகளின் தொகுப்பை, அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டு, என்டர் அழுத்தாமல் மூன்றாம் முறையாக அதன் பெயரை நோட்டில் குறித்திருந்ததோடு ஒப்பிட்டேன். மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் வந்த பழக்கம்.

“பரீட்சைப் பேப்பரா திருத்தற? நகரும்மா,” என்றார் சீனியர்.

என் நாற்காலியில் உட்கார்ந்து, என் லாகினிலேயே, நான் தட்டியதை அழித்துவிட்டு மனப்பாடமாகத் தட்டி என்டர் அழுத்தினார். பெயரின் கடைசி எண் மாறியிருப்பது போலிருந்தது. வழக்கம்போல என் கண்ணையே சந்தேகித்தேன்.

வாடிக்கையாளர் பதிவுகள் மொத்தமும் அழிந்துபோயின.

“சார்தான் தட்டினார்,” என்றேன் மேனேஜரிடம்.

“கம்ப்யூட்டர் உன் பேரைத்தான் காட்டுது. கைத்தவறுன்னா மன்னிச்சிடலாம். வேணும்னே செஞ்சிருந்தா வேலை போயிடும்.”

மேனேஜர் சீனியரைப் பார்த்தார். சீனியர் முதல்முறையாக என்னைப் பாராட்டினார்.

“கைத்தவறா? மூணு தடவை சரிபாக்காம இந்தப் பொண்ணு எதையும் தட்டாது சார்.”