காத்திருக்க மறுக்கும் கட்டளை

ஜன்னல் வெயில் ஆய்வகத்துத் திரையில் விழுந்து கண்ணைக் கூச வைக்கிறது. பொறியியல் மாணவியான அவள் வடிவமைத்த கணினி பிராசஸர் இரண்டையும் மூன்றையும் கூட்டி மறுபடியும் பூஜ்யம் என்கிறது. "முதல் கட்டளை விடையை எழுதி முடிக்கிறதுக்குள்ள, அடுத்தது அங்க இருந்த பழைய பூஜ்யத்தைத் தூக்கிட்டு ஓடுதுடி. அதைக் கொஞ்சம் காக்க வை" என்கிறாள் கூடப் படிக்கும் தோழி. "காக்க வெச்சா வேகம் போச்சு. வேகத்துக்காகத்தானே உயிரை விட்டேன்?" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, காக்க வைக்கும் ஒரு வரியைச் சேர்க்கிறாள். ஐந்து வருகிறது. தோழி கைதட்டுகிறாள், அவளோ திரையில் பாதியாகச் சரிந்த வேகத்தையே வெறிக்கிறாள். மதிப்பெண் போட வந்த பேராசிரியர் பக்கத்து மேசையிலிருந்து எழுகிறார்; நாற்காலி தரையைக் கீறுகிறது. அவள் அந்த வரியை அழிக்கத் தொடங்குகிறாள். "அடிப்பாவி, மார்க் ரெண்டு பேருக்கும்டி!" தோழி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறாள். விரல் மட்டும் அழிக்கும் விசையை விட்டு எழ மறுக்கிறது.