நான் சொன்னேன்னு சொல்லாதே!

மழையில் ராஜகால்வாய் பொங்கியதில் இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட, சர்ச் ஆட்களோடு ஆஸ்டின் டவுனுக்கு வந்திருந்த ஜெசிந்தாவுக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"சமையல் ஷெல்ஃபை இன்னும் ஸ்வல்ப இறக்கும்மா. வாசல்ல படி வேணாம், சரிவா பூசு," என்றாள் சந்திரம்மா, மறுபடியும்.

"காலையிலருந்து மாத்தி மாத்திக் கட்டறோம் ஆன்ட்டி! உங்க வீடுன்னா அதுக்கு இப்படியா?"

"என் வீடா? இது பக்கத்து வீட்டு தனபாக்கியத்தோடது. சுவர் விழுந்து ரெண்டு காலும் போச்சு. ஆஸ்பத்திரியிலருந்து சக்கர நாற்காலியிலதான் வருவா."

ஜெசிந்தா கையிலிருந்த பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவங்கதான் இதெல்லாம் சொல்லி அனுப்பினாங்களா?"

"அவளா? எங்களுக்குள்ள பேச்சே கெடையாது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் சந்திரம்மா. "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லித் தொலைக்காதே!"