லாரிக்கு நாற்பது, மனசுக்குப் பத்து

"லாரியைத் தூக்குற சக்திக்கு நாப்பது பாயிண்ட், மனசை இளக வைக்கிற சக்திக்குப் பத்து. இது என்ன கணக்கு வெண்டல்?" என்றாள் லோர்னா.

"லாரி தலையில விழுந்தா ஆள் காலி. மனசு இளகினா என்ன ஆகும்? கர்ச்சீப் நனையும், அவ்வளவுதான்."

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு விளையாட்டுக் கடையின் பின்னறை. இருவரும் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கிய சூப்பர் ஹீரோ ஆட்டம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஆடுகிற ஆட்டம். ஆளுக்கு ஐம்பது பாயிண்ட். அதற்குள் தன் ஹீரோவுக்கு வேண்டிய சக்திகளை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு சக்தியின் விலை தப்பாகக் குறைந்துபோனாலும் எல்லோரும் அதையே வாங்குவார்கள், ஆட்டம் படுத்துவிடும். மனசுக்கும் நாற்பது வேண்டும் என்று லோர்னா ஒற்றைக்காலில் நின்றாள். வெண்டல் மசியவில்லை.

கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. வில்லன் கடத்திப்போன மேயரை யார் முதலில் மீட்கிறார்களோ அவருக்கு வெற்றி. வில்லனாக வெண்டல் பேசுவான். லாரி தூக்கும் ஹீரோவாக வெண்டலின் நண்பன் கர்ட் உட்கார்ந்தான். ஆளும் கிட்டத்தட்ட லாரி சைஸ்தான். எதிரே மேவிஸ். பகடையே தொட்டதில்லை, மனசை இளக வைக்கிற சக்தியை எடுத்திருக்கிறாள் என்று சொல்லி லோர்னாதான் அழைத்து வந்திருந்தாள். சக்தியைப் பயன்படுத்தும்போதுதான் ஹீரோவின் அட்டையைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்பது விதி. மேவிஸின் அட்டை குப்புறக் கிடந்தது.

அவள் உருட்டியதெல்லாம் ஒன்றும் இரண்டுமாகவே விழுந்தது.

"பரவால்லங்க. எனக்கு எப்பவுமே இப்படித்தான்," என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வெண்டலுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. புதுசுதானே, இன்னொரு தடவை உருட்டட்டும் என்றான். ஆட்டத்தில் பாலம் இடிந்தபோது கர்ட்டின் ஹீரோ மேயரை அம்போவென்று விட்டுவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்தான். தட்டில் மிச்சமிருந்த பொரித்த சீஸ் துண்டையும் கர்ட் அவள் பக்கம் தள்ளினான். அவன் சாப்பாட்டை விட்டுக்கொடுத்து வெண்டல் பார்த்ததே கிடையாது. கடைசியில், அவளை நோக்கித் துப்பாக்கியை நீட்டிய வில்லனை, அவன் ஷூ கயிறே தடுக்கி விழுந்ததாகச் சொல்லி வெண்டலே கவிழ்த்துவிட்டான். மேவிஸ் மேயரை மீட்டுவிட்டாள்.

வெண்டல் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "பாத்தியா லோர்னா? அட்டையைத் தொடாமலே ஜெயிச்சிட்டாங்க. தேவையே படாத சக்திக்கு நாப்பதா? பத்தே ஜாஸ்தி."

"அந்த அட்டையைத் திருப்பு," என்றாள் லோர்னா.

திருப்பினான். ஒரு சக்தியும் எழுதாத வெற்று அட்டை.

"மேவிஸ் இருபது வருஷமா நாடக மேடையில அழுது பேர் வாங்கினவ. ஒரு பாயிண்ட்கூட இல்லாமலே உங்க ரெண்டு பேரையும் இந்தப் பாடு படுத்தியிருக்கா. கையில சக்தியும் இருந்தா?"

கர்ட் காலி தட்டை ஏக்கத்தோடு பார்த்தான். வெண்டல் பத்தை அழித்துவிட்டு நாற்பது என்று எழுதினான்.

"அம்பதுன்னு போட்டா..." என்று மேவிஸ் இழுத்தாள். "பரவால்லங்க. உங்களுக்குக் கஷ்டம்னா வேணாம்."

உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் தலை குனிவதற்குள், வெண்டல் நாற்பதை அழித்துக்கொண்டிருந்தான்.